அப்பாவின் பத்மினியை நாமே சரிசெய்வதா, பட்டறையில் விடுவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா 1976-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி வீட்டின் பின்பக்க ஷெட்டில் பல ஆண்டுகளாக நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. தன்னுடைய பைக்கைத் தானே பிரித்து மாட்டுகிற அளவுக்குக் கைவேலை தெரியும், ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும், மாதாமாதம் கொஞ்சம் பணம் ஒதுக்க முடியும் என்கிறார். வண்டியைத் தானே பழைய நிலைக்குக் கொண்டுவரலாமா, இல்லை புதுச்சேரியிலோ சென்னையிலோ விவரம் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்துவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தகட்டு வேலை, பெயிண்ட், லேத் வேலை இந்த மூன்றையும் வெளியே கொடுங்கள். பிரிப்பது, குறித்து வைப்பது, சாமான் தேடுவது, சுத்தம் செய்வது, வயரிங், கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவது இவை உங்களுடையவை. எஞ்சினும் பிரேக்கும் பாதிக்குப் பாதி. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்த ஏற்பாடு உங்கள் வண்டிக்குச் சரிப்படுமா என்பது உங்கள் கைத்திறனைப் பொறுத்ததோ பணத்தைப் பொறுத்ததோ இல்லை. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடுகிற அந்தப் பெட்டித் தகடு, பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்பார்களே, அது எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

காரணம் வண்டியின் அமைப்பு. ஜீப்பிலும் லாரியிலும் கீழே தனியாக ஒரு சேசிஸ் இருக்கும். பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாலும் சேசிஸ் சக்கரத்தின் மேல் நிற்கும். பத்மினிக்கு அது கிடையாது. இத்தாலியின் ஃபியட் 1100 வரிசையில் வந்த கார் இது. மும்பை குர்லா தொழிற்சாலையில் 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாகத் தொடங்கி, 1974-இல் பத்மினி என்று பெயர் பெற்றது. இதில் பாடியேதான் சேசிஸ். எஞ்சின், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், உட்காருகிற ஆட்கள் என எல்லா எடையையும் தளத் தகடும் இரண்டு ரன்னிங் போர்டுகளும் சேர்ந்துதான் சுமக்கின்றன. அந்த ரன்னிங் போர்டு உள்ளே காலியான பெட்டி. கதவு ரப்பர் வழியாக இறங்குகிற தண்ணீர் அதற்குள் தங்கிவிட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயிண்ட் ஒழுங்காக இருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

அதிலும் நம் ஊர்க் காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் தூரம் அதிகமில்லை. உப்பு கலந்த ஈரக்காற்று ஷெட்டுக்குள் ஆண்டு முழுக்க வந்து போகிறது. இதே வண்டி கோயம்புத்தூரில் இத்தனை ஆண்டு நின்றிருந்தால் அதன் கதை வேறு. இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 2015 மழை வெள்ளத்திலோ, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை பெருகியபோதோ ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறியதா? ஏறியிருந்தால் ரன்னிங் போர்டுக்குள் வண்டல் படிந்திருக்கும். வண்டல் காயவே காயாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். கியர்பாக்ஸ், பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் இரண்டிலும் வடிகால் போல்ட்டைத் திறந்து கொஞ்சம் ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

இனி சோதனை. இதற்குக் காசு செலவில்லை, ஒரு காந்தமும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். பாடி முழுக்கக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பிய பட்டிப் பசை இருக்கிறது. பத்மினியில் பார்க்க வேண்டிய இடங்கள்: ரன்னிங் போர்டின் அடிவிளிம்பு, ஓட்டுநர் காலடித் தளம், பேட்டரி உட்காருகிற தட்டு, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், கதவுகளின் அடிப்பகுதி, டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கிற இடம், பின் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியோடு சேருகிற இடம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அங்கே தகடு போயிருந்தால் ஓடும்போது பின் அச்சே இடம் மாறும். மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீர் என்று பேசும், போன தகடு பொத்தென்று கேட்கும்.

அப்புறம் ஜாக் சோதனை. பக்கவாட்டில் ஜாக் போடும் இடத்தில் மெதுவாக ஏற்றுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பும் முன் ஜாக் தகட்டுக்குள் புதைந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். எழும்பிவிட்டது என்றால், சக்கரம் தொங்குகிற நிலையில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் இருந்தபோது ஒழுங்காக மூடிய கதவு இப்போது இடித்தால் பாடி வளைகிறது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையில் மூன்று விதமாக முடிவு வரலாம். துரு கதவின் அடியிலும் டிக்கியிலும் மட்டும் என்றால் உங்களுக்கு யோகம். கதவைக் கழற்றி, தகட்டு வேலை பார்க்கிற டிங்கரிடம் எடுத்துக்கொண்டு போகலாம், வண்டி வீட்டிலேயே இருக்கும். ஒரு பக்க ரன்னிங் போர்டும் தளத்தில் சில இடங்களும் என்றால் வண்டியே பட்டறைக்குப் போக வேண்டும். இரண்டு ரன்னிங் போர்டும் போய், தளமும் போய், ஸ்பிரிங் பிடிக்கிற இடமும் போயிருந்தால் இதை ஷெட்டில் செய்கிற வேலையாக நினைக்கவே கூடாது. நல்ல பட்டறையில் விட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லை அப்படியே பாதுகாத்து வைக்க வேண்டும்.

அந்த மூன்றாவது நிலையில் ஒரு யோசனை வரும். யாரோ ஒருவர் கண்டிப்பாகச் சொல்லுவார்: ‘நல்ல பாடி உள்ள இன்னொரு பத்மினியை வாங்கி, உங்கள் வண்டி எஞ்சினையும் நம்பரையும் அதில் போட்டுக்கொள்ளலாமே.’ இதைக் காதில் வாங்காதீர்கள். பத்மினியில் சேசிஸ் எண் பாடியில்தான் இருக்கிறது. பாடி மாறினால் வண்டி மாறிவிட்டது. எண்ணை வெட்டி ஒட்டுவது குற்றம், எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்கிற இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, உங்களுக்கு வேண்டியது அப்பா ஓட்டிய வண்டி அல்லவா? இன்னொரு வண்டியை உதிரிபாகத்துக்காக வாங்குவது தாராளமாகச் செய்யலாம், அதன் பதிவை முறைப்படி ரத்து செய்துவிட்டுப் பிரியுங்கள்.

தகட்டு வேலையை ஏன் நீங்களே செய்யக் கூடாது என்கிறேன்? வெல்டிங் கற்றுக்கொள்ள முடியாத வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் கார்த் தகடு 20 கேஜ் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டு கேட் செய்கிற ஆர்க் வெல்டிங் வைத்தால் பட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவோடு ஓடுகிற மிக் வெல்டிங்கோ, கை பழகிய கேஸ் வெல்டிங்கோ வேண்டும். அதிலும் ஒரே இடத்தில் தொடர்ந்து இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். விட்டு விட்டுப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். ரன்னிங் போர்டை மாற்றுவது இன்னும் நுணுக்கம். கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகுதான் பழையதை வெட்ட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி சில மில்லிமீட்டர் இறங்கிவிடும். அதன் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. காரணம் தெரியாமல் கீலை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஒருமுறை பூசி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வேலை இது, உயிரைச் சுமக்கிற வேலையும்கூட. கை பழகியவரிடமே போகட்டும்.

பெட்ரோல் டேங்கை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் பற்றவைக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்க்கூட உள்ளே ஆவியைப் பிடித்து வைத்திருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஓட்டையாக இருந்தால் ரேடியேட்டரும் டேங்கும் பார்க்கிற கடையில் கொடுங்கள். கழுவி, ஆவி போக்கி, அப்புறம்தான் அவர்கள் நெருப்பைக் காட்டுவார்கள்.

பெயிண்டுக்கு வருவோம். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது காய்வது வேகம், பிறகு தேய்த்து மெருகேற்றலாம், 1976 வண்டிக்கு அந்த மினுமினுப்புதான் பொருத்தமாக இருக்கும். இப்போது பெரும்பாலும் ஹார்டனர் கலக்கிற பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட்தான். உழைக்கும், உப்புக்காற்றையும் நன்றாகத் தாங்கும். கடலூரில் வெளியே நிற்கப் போகிற வண்டி என்றால் என் ஓட்டு பி.யு.வுக்கே. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, தெளிக்கும்போது மூச்சோடு போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் இருக்கிற வீட்டின் பின்கட்டில் அடிக்கிற பெயிண்ட் அல்ல அது.

யார் அடித்தாலும் பருவத்தை நீங்கள்தான் காவல் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெயிண்ட் அடிக்கவே கூடாது. காற்றில் ஈரம் இருந்தால் என்.சி. பெயிண்ட் வெள்ளை பூத்துப்போகும், பி.யு.வில் கொப்புளம் வரும். பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். அந்த மாதங்களிலும் காலையில் அடித்து முடித்துவிடுவது நல்லது, மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கினால் உப்பும் தூசியும் சேர்ந்து வரும். பழைய பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடாக்கினால் அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஏற வேண்டும். நம் ஊரில் வெறும் தகடு ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகிவிடும். சாதாரணச் சாம்பல் நிறப் பிரைமரோடு வண்டியை மாதக்கணக்கில் வெளியே நிறுத்தி வைப்பதை நான் பல பட்டறைகளில் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். அந்தப் பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் போட்டாலும் இரண்டு மழைக்காலத்துக்குள் அடியிலிருந்து துரு கிளம்பும். புது ரன்னிங் போர்டு போட்ட பிறகு அதன் உள்பக்கம் மெழுகு தெளிக்கச் சொல்லுங்கள், அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை அடைக்காமல் விடச் சொல்லுங்கள். துருவின் மேலேயே கறுப்புத் தார் பூச்சு அடித்துத் தருவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

சரி, யாரிடம் கொடுப்பது? நம் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் செய்கிற ரெஸ்டரேஷன் பட்டறை அபூர்வம். டிங்கர் தனி, பெயிண்டர் தனி, மெக்கானிக் தனி, எலக்ட்ரீஷியன் தனி, லேத் தனி, குஷன் கடை தனி. இதைக் குறையாகப் பார்க்காதீர்கள், வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்க நினைக்கிற உங்களைப் போன்றவருக்கு இது வசதி. புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளின் பக்கம் விசாரியுங்கள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் அம்பாசடர், ஃபியட் டாக்ஸிகளில் வேலை பழகிய பழைய மேஸ்திரிகள் இன்னும் இருப்பார்கள். லேத் என்றால் நெய்வேலி, வடலூர் பக்கமும் தேடலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முடித்து வைத்த வண்டியைக் காட்டச் சொல்லாதீர்கள், பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லா வண்டியும் அழகுதான். பிரைமர் போடாத, பாதியில் நிற்கிற வேலையைக் காட்டச் சொல்லுங்கள். வெல்டிங் தெரிகிற நிலையில் ஒரு வண்டி இருந்தால் ஐந்து நிமிடத்தில் அவருடைய கை தெரிந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் வேலை அதிகம் பார்க்கிற பாடி ஷாப்பில் பழைய வண்டியைக் கொடுத்தால் அது மூலைக்குப் போய்விடும். அவர்கள் மேல் தப்பில்லை. இன்றைக்கு இடித்த வண்டி நாளைக்குப் போனால்தான் அவர்களுக்குக் காசு. உங்கள் வண்டிக்கு அவசரம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மொத்தப் பணத்தை முன்னால் கொடுக்கவே கூடாது. இடது ரன்னிங் போர்டு முடிந்தால் இவ்வளவு, வலது முடிந்தால் இவ்வளவு, பிரைமர் ஏறினால் இவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போங்கள், வெட்டிய இடத்தை மூடும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் பம்பர், வீல் கப், பெயர் எழுத்துகள், மீட்டர், ஸ்டியரிங் ஹார்ன் பட்டன், கைப்பிடிகள் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறும் பாடியைத்தான் அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டி பட்டறையில் நின்ற காலத்தில் அதன் டேஷ்போர்டு சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யாரும் திருடினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. யாருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை, காயலான் கடைக்குப் போகிற மூட்டையில் சேர்ந்துவிட்டது.

இதனால்தான் பிரிக்கிற வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பட்டறைப் பையன் பிரித்தால் போல்ட்டுகள் எல்லாம் ஒரே டப்பாவில் விழும். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கிடைத்ததைப் போட்டு முறுக்குவார்கள். நீங்கள் பிரித்தால் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம், கழற்றியதும் தனி ஜிப் பை, பையின் மேல் எங்கேயிருந்து எடுத்தது என்று மார்க்கரில் எழுத்து. ரப்பர் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், புதிது வாங்கும்போது அளவுக்கு அதுதான் சாட்சி. பத்மினி மில்லிமீட்டர் ஸ்பேனர் வண்டி, உங்கள் பைக் ஸ்பேனர்களில் பாதி அப்படியே பயன்படும். அம்பாசடராக இருந்திருந்தால் இன்ச் அளவு ஸ்பேனர் தனியாக வாங்க வேண்டியிருக்கும். இறுகிய போல்ட்டுக்கு முதல் நாளே டபிள்யூ.டி. 40 அடித்து வைத்து மறுநாள் திருப்புங்கள். அடியில் படுக்கும் முன் ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடக் கீழே போக வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரித்துவிடாதீர்கள் என்பதும் முக்கியம். கைவிடப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை துருவால் கைவிடப்பட்டவை அல்ல, பெட்டிகளில் பிரிந்து கிடந்து கைவிடப்பட்டவை. ஸ்டியரிங்கும் சக்கரமும் கடைசி வரைக்கும் வண்டியிலேயே இருக்கட்டும். தள்ளினால் நகர வேண்டும், ரெக்கவரி லாரியில் ஏற வேண்டும். புதுச்சேரிப் பட்டறைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் எப்.சி.யும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

எஞ்சினை முதலில் சாவி போட்டுத் திருப்பிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு கையால் திருப்புங்கள். சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்துகிற அளவு, பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எஞ்சினை இப்போது பிரிக்கவே தேவையில்லை. இந்த 1089 சி.சி. எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட்டு அலுமினியம். கடலூர்ப் பக்கத்து உப்பு போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் ஹெட்டில் தண்ணீர் போகும் பாதைகளைச் சுற்றி அரித்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் நிற்காது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கேதான் நான் பாதிக்குப் பாதி என்று சொன்னது. நம் ஊரில் மட்டும் சுலபமாகக் கிடைக்கிற ஒரு வழி உண்டு: ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவரை ஞாயிற்றுக்கிழமை நாள்கூலிக்கு வீட்டுக்கு வரவழைப்பது. ஸ்பேனர் உங்கள் கையில், கண் அவருடையது. ஹெட்டைத் தூக்குவது, வால்வை உரசிப் பதியவைப்பது, பாயிண்ட் இடைவெளி வைப்பது, டைமிங் பார்ப்பது, ஸ்டியரிங்கோடு இருக்கிற கியர் தண்டின் புஷ் தேய்ந்து கியர் மாட்டிக்கொள்வதைச் சரிசெய்வது இதையெல்லாம் புத்தகம் படித்துக் கற்பதைவிட அவர் பக்கத்தில் நின்று சொன்னால் ஒரு பகலில் கற்றுக்கொள்ளலாம். அவருக்கு மரியாதையான வருமானம், உங்களுக்கு நிலையான வித்தை. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டு ஃபேசிங் மட்டும் லேத்துக்குப் போகட்டும். அளந்து தரச் சொல்லுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கொடுத்து, அதற்கேற்ற அளவில் சிலிண்டரைப் போரிங் செய்யச் சொல்வதே முறை.

பிரேக்கில் பிரிப்பதும் சுத்தம் செய்வதும் நீங்கள் செய்யலாம், மாட்டி முடித்த பிறகு அனுபவசாலி ஒருவர் சரிபார்க்காமல் சாலையில் இறங்கக் கூடாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகவே போகட்டும், இரும்புக் குழாயில் துரு தெரிந்தால் அதுவும். டிரம்முக்குள் இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் உங்கள் அப்பா காலத்தில் இல்லாத சிக்கல் இப்போது உண்டு. பங்கில் கிடைப்பது எத்தனால் இருபது சதவீதம் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல் இவற்றை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலம் முழுக்க நிற்கப் போகிற வண்டியில் அரை டேங்க் பெட்ரோல் வைத்துவிட்டுப் போனால் அடியில் தண்ணீர் சேர்ந்து டேங்க் மறுபடி துருப்பிடிக்கும்.

வயரிங் உங்களுக்குப் பிடிக்கும். இந்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, வரைபடத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகப் போனால் முடிந்துவிடும். பழைய வயரை ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், புது வயரிங் கிட்டாகவே போடுங்கள். பழைய கார்கள் எரிவது பெரும்பாலும் வெடித்த வயரும் கசிந்த பெட்ரோலும் சந்திப்பதால்தான்.

சாமானுக்குச் சென்னை. புதிது என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையது என்றால் புதுப்பேட்டை. பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், போனில் பேசி முடியாது. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு இறங்கிவிட்டது. அந்த டாக்ஸிகளுக்காக ஓடிக்கொண்டிருந்த சாமான் சந்தை இனி வளராது. எஞ்சின், பிரேக் சாமான்கள் இன்னும் கிடைக்கும். கண்ணாடி, குரோமியம், விளக்கு வளையம் போன்றவற்றை இப்போதே வாங்கி வையுங்கள், வேலை எப்போது நடந்தாலும் சரி.

இவ்வளவுக்கும் முன்னால் காகிதம். ஆர்.சி. (பதிவுச் சான்று) அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம் கணினியில் ஏறியிருக்காது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் பதிவு போடச் சொல்ல வேண்டும். வண்டி புதுச்சேரிப் பதிவாக இருந்து கடலூரில் வைத்திருக்கிறீர்கள் என்றால் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று டிங்கரிடம் கொடுக்கும் முன்பே பாருங்கள், அந்த எண்ணின் மேல் பட்டி போடவோ தேய்க்கவோ கூடாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நிறம் மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அப்பா வைத்திருந்த நிறத்தையே அடித்தால் அந்த அலைச்சல் இல்லை.

2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியைப் பற்றியும் யோசிப்பீர்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத, வாடகைக்கு ஓடாத வண்டிக்கு அது பொருந்தும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். 1976 வண்டி அந்த வயதைத் தொடுகிறது. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் சாதாரணப் பதிவையே எப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மொத்த வண்டியையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடுவது சரியாகிற சூழ்நிலைகளும் இருக்கின்றன. மழை ஒழுகாத கூரையும் சமமான சிமெண்ட் தரையும் உங்களிடம் இல்லை என்றால், பிரிக்க வேண்டாம். தங்கையின் கல்யாணத்துக்குள் ஓட வேண்டும் என்பது போல ஒரு தேதி இருந்தால், பிரிக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற வாய்ப்பு இருந்தாலும் அப்படியே. அந்த நிலையில் சென்னையில் பழைய கார் மட்டுமே பார்க்கிற பட்டறையைத் தேடுங்கள், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் உறுப்பினர்களிடம் விசாரித்தால் யார் கை நல்ல கை என்று சொல்லுவார்கள். ஆகும் செலவு வண்டியின் விற்பனை விலையைத் தாண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே பாதி வேலை செய்தாலும் அப்படித்தான். தகடும் பெயிண்டும்தான் செலவில் பெரும்பகுதி. அதைக் குறைக்க முயன்றால் துரு திரும்பி வரும். எஞ்சினையும் குஷனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்குக் கூரை இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது, தேதி எதுவும் இல்லை. அதனால் இந்த வாரம் காந்தத்தோடும் ஜாக்கோடும் தொடங்குங்கள், ஆர்.சி. வேலையைப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். மழைக்காலம் முழுக்கப் பிரித்து, படம் எடுத்து, பைகளில் போட்டுக்கொண்டே இருக்கலாம். பெயிண்டர் அந்த மாதங்களில் எப்படியும் தொடக் கூடாது. பொங்கல் கழிந்ததும் வெறும் பாடி டிங்கரிடம் போகட்டும். அவரிடம் இப்போதே போய் அந்த மாதங்களை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள், நல்ல டிங்கருக்குக் கோடையில் நேரம் இருக்காது.